மூன்றாவது பாட்டுக்கு முன் ஒரு விசில்

என் பெயரை அச்சில் பார்க்காமல் ஓயப்போவதில்லை என்று ஒரு வெள்ளிக்கிழமை காலை பல் தேய்க்கும்போது முடிவெடுத்தேன். பல் என்றால் கையில் வைத்துக்கொண்டு தேய்க்கும் பல். முன்வரிசை முழுக்க செட்டு. கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். மூக்குக் கண்ணாடியின் பிரேமைப் பல்லில் கடித்துக்கொண்டு திருகாணி முறுக்குவது என் பழக்கம். ஊருக்குப் பார்வை கொடுத்த வகையில் பல் போயிற்று.

கடையில் எல்லோருக்கும் பவர் சொல்பவன் நான். வீட்டில் எனக்குப் பவர் கிடையாது. மின்விசிறி எந்த வேகத்தில் சுற்ற வேண்டும், ஜன்னல் எப்போது சாத்த வேண்டும், எனக்கு எந்தச் சட்டை பிடிக்கும், எல்லாம் என் மனைவியின் இலாகா. டீ போடுவது மட்டும் என் பொறுப்பு. அது அதிகாரம் இல்லை, வேலை. குறையாகச் சொல்லவில்லை. அவள் எடுக்கிற முடிவு எப்போதும் சரியாகத்தான் இருக்கும். அதுதான் கஷ்டமே.

அவள் பொது நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. எனக்கு வாளித் தண்ணீரே ஆழம். அத்தனை வாண்டுகளை அவள் எப்படிக் கட்டி மேய்க்கிறாள் என்று நான் பார்த்ததும் இல்லை. ஆபீசில் கொடுத்த இரும்பு விசிலைக்கூடத் துருப்பிடிக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். அவளுக்கு எதற்கு விசில், திட்டினாலே போதுமே என்று நினைத்துக்கொண்டேன். ஒரே மூச்சில் திட்டுவாள். முற்றுப்புள்ளி, காற்புள்ளி எதுவும் இருக்காது. மூச்சடக்குவது அவள் தொழில்.

இப்படிப்பட்ட வீட்டில் எனக்கென்று ஒரே ஒரு சொத்து உண்டு. ஒரு விசில்.

'கருங்கல்' என்று ஒரு ராக் இசைக்குழு இருந்தது. பெயருக்கேற்ற இசை. கேட்டால் நேராக மண்டையில் விழும். எனக்கு மீசை அரும்பிய காலத்தில் எங்கள் ஊர்ப் பொருட்காட்சிக் கொட்டகையில் அவர்கள் கச்சேரி நடந்தது. அதை அப்படியே பதிவு செய்து 'நேரில் கருங்கல்' என்று ரிக்கார்டாக வெளியிட்டார்கள். ஸ்டுடியோவில் ஏசி போட்டுக்கொண்டு பொறுமையாகப் பாடியதல்ல. மேடையில் நடந்தது நடந்தபடி. தும்மல், தப்புத்தாளம், கைதட்டல் எல்லாம் உண்டு.

இரண்டாவது பாட்டு முடிகிற இடத்தில் கிடார்காரருக்குக் கம்பி அறுந்துபோனது. கிடாரைக் கீழே போட்டுவிட்டு அவர் கோபமாக உள்ளே போய்விட்டார். பாடகர் முழித்தார். டிரம்ஸ்காரரும் எழுந்துவிட்டார். அத்தனை பெரிய கூட்டமும் வாயடைத்து நின்றது. கச்சேரி அவ்வளவுதான் என்று நினைத்த நேரத்தில் ஒரு விசில் வந்தது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. நெட்டை கடைசியில் மேலே ஏறி வளையும். டிரம்ஸ்காரர் சிரித்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்து அதே கணக்கில் தட்ட ஆரம்பித்தார். அதுதான் மூன்றாவது பாட்டு. அந்தப் பாட்டு இல்லாவிட்டால் கருங்கல் வெறும் ஜல்லி.

அந்த விசிலை அடித்தவன் நான். கொட்டகையின் வலது பக்கத் தூணில் பாதி ஏறி, ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் இரண்டு விரலை வாயில் வைத்து அடித்தேன். சட்டை கிழிந்தது. கவலைப்படவில்லை.

கல்யாணமான புதிதில் முதல் வேலையாக மனைவியை உட்கார வைத்து அந்த ரிக்கார்டைப் போட்டேன். "அட, இது அந்த..." என்று அவள் ஏதோ ஆரம்பித்தாள். "இரு இரு, இப்ப வரும், கேளு" என்று கையமர்த்தினேன். விசில் வந்தது. "நான்தான்" என்றேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீங்களா?"

"நானேதான்."

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அதிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் டீ, பிறகு விசில். கடைக்குக் கண் பரிசோதனைக்கு வந்தவர்களைக்கூட வீட்டுக்கு இழுத்து வந்துவிடுவேன். நாளாக ஆக எனக்கு வயதாகிவிட்டது. பல் போனது. ஆனால் ஊசியை வைத்தால் அந்த விசில் அப்படியே இளமையாக வரும். அதைக் கேட்கிற நேரத்தில் நானும் யாரோ ஒருவன்தான் என்று தோன்றும். மின்விசிறி யார் கையில் இருந்தால் என்ன.

வியாழக்கிழமை கடையில் ரேடியோ சொன்னது. 'நேரில் கருங்கல்' புதுப்பொலிவோடு மறுபடி வெளிவருகிறதாம். அதில் குரல் கொடுத்தவர், வாசித்தவர் எல்லோர் பெயரையும் உறையில் அச்சடிக்கப் போகிறார்களாம். ஒரே ஒரு பெயர்தான் தெரியவில்லையாம். அன்று அதைப் பதிவு செய்த ஒலிக்காரரே, விசிலடித்தவரைத் தேடிக்கொண்டிருக்கிறாராம்.

கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்த வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டுப் போனுக்கு ஓடினேன். ஒலிக்காரர் நல்ல மாதிரி. "ஞாயித்துக்கிழமை மதியம் வீட்டுக்கு வர்றேன். ஒரே ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்க, போதும்" என்றார்.

வீட்டில் சொன்னேன். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அடிச்சுக் காட்டணுமா?"

"ஆமா."

"எதை வெச்சு?"

"விரலை வெச்சுத்தான்."

"விரல் இருக்கு. பல்லு?"

நான் இதை யோசிக்கவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல் இரண்டு விரலை வாயில் வைத்து அடிவயிற்றிலிருந்து ஊதினேன். குக்கர் ஆறுகிற சத்தம் வந்தது. இன்னும் அழுத்தி ஊதினேன். பல் செட்டு பறந்துபோய், அவள் கழுவிக் கவிழ்க்காமல் வைத்திருந்த டம்ளருக்குள் விழுந்தது.

"குறி நல்லா இருக்கு" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "விட்டுடுங்களேன். இத்தனை வருஷம் நமக்குள்ள இருந்தது, நமக்குள்ளயே இருந்துட்டுப் போகட்டுமே."

"உனக்குப் பொறாமை."

"இருக்கும்."

"உனக்கு இதெல்லாம் புரியாதும்மா. விசிலுக்கு அடிவயித்து மூச்சு வேணும். பொம்பளைங்களுக்கு அது வராது."

"அப்படியா? தெரியாமப் போச்சே" என்று டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்கிற நாட்களில்தான் எனக்கு ஆபத்து. விசில் என்னிடம் இல்லாவிட்டால் என்ன, ரிக்கார்டில் இருக்கிறது. ஒலிக்காரர் முன் அறையில் உட்கார்ந்திருப்பார். நான் வாயில் விரலை வைப்பேன். படுக்கையறையில் ரிக்கார்டு ஓடும். ஒலிபெருக்கி எனக்குப் பின்னால் ஜன்னல் திரைக்குள் இருக்கும். விசில் என்னிடமிருந்து வருகிற மாதிரியே வரும். இது ஏமாற்று இல்லை. என் விசிலை நான் போட்டுக் காட்டுவதில் என்ன ஏமாற்று?

ஊசியை வைத்து எடுக்க ஓர் ஆள் வேண்டும். பக்கத்து வீட்டுத் தையல்காரரைத் தவிர யார்? வாழ்நாள் முழுக்க ஊசியோடு குடித்தனம் நடத்துகிறவர்.

"அண்ணே, நான் 'வாழ்க கருங்கல்'னு சொன்னதும் ஊசியை வைக்கணும். விசில் முடிஞ்சதும் எடுத்துடணும். அவ்வளவுதான்."

"எந்த எடத்துல வைக்கணும்னு குறி போட்டுக்கலாமா?"

வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் காதில் செருகியிருந்த சாக்பீஸை எடுத்து, ரிக்கார்டின் மேலேயே மூன்றாவது பாட்டுக்கு முன்னால் ஒரு கோடு போட்டுவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

"தட்டினா போயிடும் அண்ணே. கோட்டுத் துணியிலயே போடறேன்" என்றார்.

அடுத்து மனைவியை அப்புறப்படுத்த வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை உங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு வாயேன்."

"எதுக்கு?"

"பாவம், பாத்து எவ்வளவு நாளாச்சு."

"நேத்து வந்துட்டுத்தானே போனா. நீங்கதான் டீ போட்டுக் குடுத்தீங்க."

போகவில்லை. வீட்டிலேயே இருந்து முன் அறையைப் பெருக்கி, ஜன்னல் திரையை வேறு துவைத்து மாட்டினாள். "ஒலிபெருக்கி என்னத்துக்கு இங்க குளிர்காயுது?" என்று கேட்டாள். "வெயில் படட்டும்னு" என்றேன். "சரி" என்றாள். அவள் சரி என்று சொன்னால் அதற்கு அப்புறம் எதுவும் சரியாக இருக்காது. இது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய.

ஒலிக்காரர் வந்தார். வயதானவர். கழுத்தில் ஹெட்போன், தோளில் ஒரு தோல் பை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மேலே பார்த்தார்.

"உங்க ஃபேன்ல பேரிங் தேயுது சார்."

இந்தக் காதையா நான் ஏமாற்றப்போகிறேன்?

உட்கார்ந்தவர் தலையைச் சாய்த்தார். "உள்ள யாரோ மூக்கை உறிஞ்சறாங்களே?"

"பூனை."

"சளி புடிச்சிருக்கு, பாவம்" என்றாள் மனைவி.

நான் டீ போட்டுக் கொண்டுவந்தேன். ஒலிக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். "அம்மா, டீ பிரமாதம்" என்றார். "அவர் போட்டது" என்றாள் மனைவி. அவர் என்னை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தார். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

பையிலிருந்து ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து மேஜைமேல் வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நான் திரையின் முன்னால் போய் நின்றேன். மார்பை நிமிர்த்தினேன். "வாழ்க கருங்கல்" என்று முழங்கிவிட்டு வாயில் விரலை வைத்தேன்.

படுக்கையறையில் கரகரவென்று சாக்பீஸ் தூள் உராய்ந்தது. பிறகு வந்தது பாருங்கள் விசில். இரண்டு குட்டை, ஒரு நெட்டை, மேலே ஏறி ஒரு வளைவு. ஒலிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் விரலை எடுக்கப்போனேன்.

அப்போது எனக்குப் பின்னாலிருந்து ஒரு மைதானமே ஆர்ப்பரித்தது.

ஆயிரக்கணக்கான பேர் கத்தினார்கள். டிரம்ஸ் இடித்தது. ஜன்னல் கண்ணாடி ஆடியது. "சத்தம் பத்தல. இன்னும், இன்னும்" என்று பாடகர் திரைக்குள்ளிருந்து அலறினார். எனக்கு விரலை எடுப்பதா வைத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. எடுத்தால் அந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். வைத்துக்கொண்டே நின்றேன். கிடார் வந்தது. முதல் சரணம் வந்தது. ஒலிக்காரர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தாளம் போட ஆரம்பித்துவிட்டார்.

"போதும், விரலை எடுங்க. ஊறிடப் போகுது" என்றாள் மனைவி.

நான் படுக்கையறைக்கு ஓடினேன். தையல்காரர் ரிக்கார்டின் பக்கத்தில் கைகட்டிப் பக்தியோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஊசியை எடுங்க அண்ணே."

"எப்படி எடுக்கறது? நடுவுல எடுத்தா பிரிஞ்சிடாதா? ஓரம் வரைக்கும் ஓட்டித்தான் நிறுத்தணும்."

"இது துணியில்லண்ணே."

"எதுவா இருந்தா என்ன. பாதித் தையல்ல ஊசியைத் தூக்கி எனக்குப் பழக்கமில்ல."

பாட்டு முழுக்க ஓடி முடிந்தபிறகுதான், ஒரு முடிச்சுப் போடுகிற பாவனையில், அவர் ஊசியை எடுத்தார். பின்பக்கப் படிக்கட்டு வழியாகத் தன் வீட்டுக்கும் போய்விட்டார். நான் திரும்ப முன் அறைக்கு வந்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். செட்டைக் கழற்றிக் காட்டினேன். வேறு எப்படி விளக்குவது?

ஒலிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நல்ல மனுஷன். "பல்லு போறதெல்லாம் குத்தமா சார்? விடுங்க. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னிக்கு எங்க நின்னீங்க?"

எனக்கு உயிர் வந்தது. தூண் கதையை விரிவாகச் சொன்னேன். வலது பக்கத் தூண். பாதி உயரம். கிழிந்த சட்டை. சொல்லச் சொல்ல அவர் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. மனைவி காலி டம்ளரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

"வலது பக்கமா?"

"வலது பக்கம்தான் சார். சத்தியமா."

"சார், அன்னிக்கு எங்ககிட்ட மைக் பத்தல. கூட்டத்துச் சத்தத்துக்குன்னு ஒண்ணே ஒண்ணுதான் இருந்தது. அதை நான் இடது பக்கம், லேடீஸ் கேலரி விளிம்புல தொங்கவிட்டேன். ஆம்பளைங்க பக்கம் தொங்கவிட்டா வெறும் கெட்ட வார்த்தையா பதிவாகும்னு பயம். நீங்களும் அதே நேரம் அடிச்சிருப்பீங்க. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா ரிக்கார்டுல இருக்கறது ஒரு பொண்ணு."

மின்விசிறியின் பேரிங் மட்டும் பேசியது. எனக்கே இப்போது நன்றாகக் கேட்டது.

அவர் என் தோளைத் தட்டிவிட்டு, டீக்கு இன்னொரு முறை நன்றி சொல்லிவிட்டு, கருவியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனை பேருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். இனிமேல் அந்த ரிக்கார்டைப் போட்டால் எவளோ ஒருத்தி விசிலடிப்பாள், நான் டீயோடு நின்றுகொண்டு கேட்பேன். எனக்கென்று இருந்த ஒன்றும் போயிற்று.

மனைவி வந்து பக்கத்தில் நின்றாள். என் தலைமேல் கையை வைத்தாள்.

"நீங்க அடிச்சீங்க. அது நிஜம். மைக்குக்குத்தான் கேக்கல."

அதைக் கேட்டதும் இன்னும் அழுகை வந்தது. இத்தனை வருடத்தில் அவள் என் பக்கம் பேசி நான் கேட்டதில்லை என்று நினைத்தேன். அவள் எப்போதும் என் பக்கம்தான் இருந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போது தெரியாது.

"அடடா" என்றாள் திடீரென்று. சோபாவுக்குப் பின்னால் குனிந்து தோல் பையை எடுத்தாள். "பையை விட்டுட்டுப் போயிட்டாரே."

பால்கனிக்கு ஓடினேன். அவருடைய வேன் தெருக்கோடியில் திரும்பிக்கொண்டிருந்தது. "சார், சார்" என்று கத்தினேன். என் குரல் எதிர்வீட்டைக்கூடத் தாண்டவில்லை.

"இதைப் பிடிங்க" என்று பையை என் கையில் கொடுத்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். இரண்டு விரலை வாயில் வைத்தாள்.

இரண்டு குட்டை. ஒரு நெட்டை. கடைசியில் மேலே ஏறி ஒரு வளைவு.

எதிர்வீட்டு ஜன்னலில் இருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. சைக்கிளில் போனவர் காலை ஊன்றினார். பக்கத்து வீட்டில் தையல் இயந்திரம் பாதித் தையலில் நின்றது. தெருக்கோடியில் வேன் கிறீச்சென்று நின்று, திரும்பக்கூடப் பொறுமையில்லாமல், பின்பக்கமாகவே எங்கள் வீட்டை நோக்கி வர ஆரம்பித்தது.

நான் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீ..."

"ம்."

"எங்க இருந்தே?"

"லேடீஸ் கேலரி. முன்வரிசை. நானும் அக்காவும். மைக் என் தலைக்கு நேரா தொங்கிச்சு."

"ஏன் சொல்லல?"

"எங்க சொல்ல விட்டீங்க? நான் ஆரம்பிச்சேன். இரு இரு, இப்ப வரும், கேளுன்னீங்க. கேட்டேன். உங்க முகத்துல அவ்வளவு சந்தோஷம். அதைப் போய் யாரு கெடுக்கறது?"

"அப்ப, குளத்துல பிள்ளைங்களை..."

"பின்ன? அந்தத் துருப்பிடிச்ச விசிலை யாரு வாயில வெப்பா?"

"இன்னிக்கு மட்டும் ஏன்?"

"எவளோ ஒருத்திதான்னு அவர் முடிவு பண்ணிட்டாரே. வேற எவளாவது வந்து நான்தான்னு சொல்லிட்டா? வீட்டுக்கு வெளியே போகவிட எனக்கு மனசில்ல. வாயால சொன்னா அவர் நம்புவாரா? கொஞ்சம் முன்னாடிதான் இதே வீட்டுல ஒரு ஆள் வாயில விரலை வெச்சுக்கிட்டு நின்னதைப் பாத்துட்டுப் போறார். அதான் பையைச் சோபாவுக்குப் பின்னாடி தள்ளி வெச்சேன்."

ஒலிக்காரர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். பையைப் பார்க்கவே இல்லை. "யாரும்மா அது? யாரு?" என்றார். அவள் இன்னொரு முறை அடித்துக் காட்டினாள். அவர் ஹெட்போன்கூட மாட்டவில்லை. வெறும் காதால் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த விசிலைத் தெனமும் கேட்டுக் கேட்டு எனக்கு வயசாயிடுச்சும்மா. உறையில என்ன பேர் போடட்டும்?"

"டீச்சர்னு போடுங்க, போதும். குளத்துல எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க." பிறகு என்னைப் பார்த்தாள். "ஆனா ஒண்ணு. இவரையும் போடணும். இவரைப் போடலேன்னா என்னையும் போட வேண்டாம்."

ஒலிக்காரர் யோசித்தார். "போடலாம்மா. ஆனா எதுக்குன்னு போடறது? செய்யாததைப் போட முடியாதே."

"செஞ்சதைப் போடுங்க" என்றாள்.

ஒலிக்காரர் தலையாட்டிவிட்டு, "போறதுக்கு முன்னாடி இன்னொரு டீ கிடைக்குமா சார்?" என்று என்னைக் கேட்டார். சந்தோஷமாகப் போட்டேன். அப்போதும் எனக்குப் புரியவில்லை.

புது ரிக்கார்டு வந்த அன்று கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்தேன். உறையைத் திருப்பினேன். எழுத்து பொடியாக இருந்தது. கடையிலிருந்து கொண்டுவந்த பெரிய லென்ஸை வைத்துப் பார்த்தேன். பாடகர், கிடார், டிரம்ஸ், ஒலிப்பதிவு எல்லாம் தாண்டி, தனி வரியில், "விசில்: டீச்சர்" என்று இருந்தது. லென்ஸை இன்னும் கீழே இறக்கினேன்.

"டீ: டீச்சர் வீட்டுக்காரர்."